350 ரூபாய் ரிலேக்கு 32,000 ரூபாய்: அப்பாவின் பழைய ஃபிரிட்ஜை ஓடவைத்த கதை

செங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பட்டாசாலையில், அதாவது கூடத்தில், ஒரு கோத்ரெஜ் ஃபிரிட்ஜ் நிற்கிறது. அப்பா 1964-ல் கொல்லத்தில் வாங்கியது. அந்தக் கம்பெனி ஃபிரிட்ஜ் செய்ய ஆரம்பித்ததே 1958-ல்தான் என்பதால், இங்கே செய்து விற்ற முதல் ஃபிரிட்ஜுகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எல்லை மாறி எட்டு வருஷம் ஆன பிறகும் பெரிய சாமான் எதுவானாலும் கொல்லம் போய் வாங்குவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். மீட்டர் கேஜ் ரயிலில் கார்டு பெட்டியில் நிற்கவைத்தே கொண்டுவந்தார்களாம். "படுக்கப் போட்டா வீணாப் போயிரும்னு கடைக்காரர் சொல்லி அனுப்பினாரு" என்று அப்பா அடிக்கடி சொல்வார். அது வீட்டுக்கு வாங்கியது இல்லை, அவருடைய மருந்துக்கடைக்கு. இன்சுலினும் டி.டி. ஊசியும் அதில்தான் இருக்கும். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாத சர்க்கரை நோயாளிகள் தங்கள் இன்சுலின் பாட்டிலில் பெயர் எழுதி அப்பாவிடம் கொடுத்து வைத்திருப்பார்கள். காலையில் கடை திறக்கும் முன்பே ரெண்டு மூன்று பேர் வாசலில் நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் நான் வளர்ந்தேன்.

கடையை மூடியதும் ஃபிரிட்ஜ் வீட்டுக்கு வந்தது. 2004 வாக்கில் ஓடாமல் நின்றுபோனது. அதற்குப் பிறகு அம்மா அதை அலமாரியாக்கி, புளி, வத்தல், அப்பளக்கட்டு என்று அடுக்கி வைத்துவிட்டாள். ரெண்டு வருஷத்துக்கு முன் அப்பா தவறிப்போனார். பிறகு ஒருநாள் அதைத் துடைக்கும்போது காய்கறித் தட்டுக்கு அடியில் மடித்து வைத்த அந்த 1964 ரசீது கிடைத்தது. இதை ஓடவைத்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். சித்திரையில் ஆரம்பித்து முடிக்கும்போது கார்த்திகை ஆகிவிட்டது. செலவு 32,000 ரூபாய். அதில் ஏறக்குறைய 21,000 ரூபாய், தெரியாத்தனத்தால் மட்டும் போனது. இந்த வேலை தெரிந்தவர் ஒருவர்கூட எனக்குப் பழக்கமில்லை. உங்கள் வீட்டிலும் தாத்தாவோ மாமனாரோ விட்டுப்போன கோத்ரெஜோ ஆல்வினோ கெல்வினேட்டரோ இருந்தால், யாரையும் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் முதல் தவறு, ஆர்வத்தில் நேரே பிளக்கைச் சொருகியது. அந்தக் காலத்து ஒயருக்கு மேலே ரப்பர், அதற்கு மேலே நூல் பின்னல். பார்க்க நன்றாக இருந்தது. உள்ளே ரப்பர் காய்ந்து, மடக்கின இடத்தில் எல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று கைப்பிடியைத் தொட்டேன். தோள்பட்டை வரைக்கும் இழுத்துவிட்டது. பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள், அவளுக்கு எண்பத்தொன்று. அவள் கை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. எத்தனை அவசரமானாலும் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயர் முழுக்க மாற்றுங்கள். மூன்று முனை பிளக் போட்டு, இரும்புப் பெட்டியோடு எர்த் ஒயரை இறுக்கச் சொல்லுங்கள். வீட்டு மெயினில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே விழுகிற பிரேக்கர் இல்லையென்றால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒயர், பிளக், எர்த் மூன்றுக்கும் கூலியோடு எனக்கு 1,150 ரூபாய்தான் ஆனது.

ஒயர் மாற்றி மறுபடி போட்டபோது ஒரு சத்தம் வந்தது. அஞ்சாறு நொடி 'ம்ம்ம்' என்று முனகும். பிறகு 'டிக்' என்று அடங்கிவிடும். ரெண்டு மூன்று நிமிஷம் கழித்து மறுபடி அதே முனகல், அதே டிக். மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டேன். ஆள் சின்ன வயது, பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. காதை வைத்துக் கேட்டவர் அரை நிமிஷத்தில் முடிவு சொன்னார்: "கேஸ் போயிட்டு அண்ணாச்சி. அறுபது வருஷ வண்டி, எங்க இருக்கும்?" சரி என்றேன். கம்ப்ரஸரில் இருந்து நீட்டிக்கொண்டிருந்த செம்புக்குழாயின் நுனியை வெட்டினார். 'உஸ்ஸ்' என்று கிளம்பியது. ஒரு நிமிஷத்துக்கு மேலேயே சீறியது. கூடவே எண்ணெய் புகை மாதிரி வந்து சுவரில் படிந்தது. பழைய கெட்ட கேஸ் போகிறது, இனி நல்லது வரும் என்று நினைத்து நான் சந்தோஷமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சியை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. கேஸ் போய்விட்ட ஃபிரிட்ஜ் அப்படிச் சீறாது. சீறியது அறுபது வருஷமாகச் சொட்டுக்கூடக் கசியாமல் இருந்த கேஸ். அது எனக்குத் தெரிய வர நாலு மாசம் ஆனது.

நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேஸ் போன ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் நன்றாகவே ஸ்டார்ட் ஆகும், நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், குளிர் மட்டும் வராது. 'ம்ம்ம்... டிக்' என்று அடங்கினால் மோட்டார் கிளம்பவில்லை என்று அர்த்தம். அதற்கும் கேஸுக்கும் சம்பந்தம் இல்லை. கம்ப்ரஸருக்குள் இருக்கிற மோட்டாரில் ரெண்டு காயில் உண்டு. ஓடுவதற்கு ஒன்று, கிளம்புவதற்கு ஒன்று. கிளம்புகிற காயிலுக்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் கரண்டு கொடுத்துவிட்டு விலகிக்கொள்வதுதான் ரிலேயின் வேலை. அதன் முனை கரிந்துவிட்டால் மோட்டார் முனகும், சூடாகும். ஓவர்லோடு என்கிற பாதுகாப்பு சுவிட்ச் டிக்கென்று கரண்டை வெட்டும். வோல்டேஜ் குறைந்தாலும் இதே சத்தம் வரும், கம்ப்ரஸர் இறுகிப்போயிருந்தாலும் இதே சத்தம்தான். ஆகவே முதலில் மீட்டரில் வோல்டேஜ் பார்க்க வேண்டும். அப்புறம் ரிலேயைக் கழற்றி, கம்ப்ரஸரின் மூன்று முனைகளுக்கு நடுவே ஓம்ஸ் அளக்க வேண்டும். ரெண்டு காயிலும் சேர்கிற பொதுமுனையில் இருந்து மற்ற ரெண்டுக்கும் வருகிற அளவுகளைக் கூட்டினால், அந்த ரெண்டுக்கும் நடுவே வருகிற அளவு கிடைக்க வேண்டும். எந்த முனையில் இருந்தும் கம்ப்ரஸர் உடம்புக்குத் தொடர்பு காட்டக்கூடாது. இது சரியாக இருந்தால் காயில் நன்றாக இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பார்க்கிற சோதனை இது, பத்து நிமிஷம் போதும். இதைச் செய்யாமல் கட்டரைக் கையில் எடுக்கிறவரிடம் குழாயைக் கொடுக்காதீர்கள்.

குழாயை வெட்டிய அன்று மத்தியானம் மெக்கானிக்குக்கு ஊரில் கோயில் கொடைக்குப் போக வேண்டியிருந்தது. "மூணு நாள்ல வந்துருவேன் அண்ணாச்சி" என்று கிளம்பிவிட்டார். வெட்டிய குழாய் அப்படியே திறந்து கிடந்தது. ஆனி மாசம். எங்கள் பக்கம் ஆனியில் எப்படி இருக்கும் என்று குற்றாலத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும். மலையில் இருந்து சாரல் இறங்கிக்கொண்டே இருக்கும், துவைத்த வேட்டி ரெண்டு நாள் ஆனாலும் காயாது. அந்தக் காற்றை மூன்று நாள் முழுக்க அந்தக் குழாய் குடித்தது. அவர் திரும்பி வந்து கேஸ் ஏற்றினார். உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேக்வம் பம்ப் போடவில்லை. "கொஞ்சம் கேஸை விட்டு வெளிய தள்ளிட்டாப் போதும்" என்றார். ஈரத்தைப் பிடித்துவைக்கிற சின்ன ஃபில்டரையும் மாற்றவில்லை. ஏற்றியது 134ஏ என்கிற கேஸ். அதற்குப் பிறகும் அதே 'ம்ம்ம்... டிக்'. அப்போதுதான் ரிலேயைக் கழற்றி, 350 ரூபாய்க்குப் புதிது போட்டார். உடனே கம்ப்ரஸர் கிளம்பியது! எல்லோரும் கைதட்டினோம். ஓடவைத்தது ரிலேதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மொத்தம் 6,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

புது ரிலே பழைய இடத்தில் உட்காரவில்லை என்று அதைக் குப்புற வைத்து, டேப் சுற்றிக் கட்டியிருந்தார். இதில் ஆபத்து இருக்கிறது. பழைய ஃபிரிட்ஜுகளில் வருகிற ரிலே, உள்ளே ஒரு சின்ன இரும்புத்துண்டு மேலே எழும்பி, தன் எடையிலேயே கீழே விழுந்து வேலை செய்கிற வகை. நிமிர்த்தி வைத்தால்தான் அது விழும். தலைகீழாக வைத்தால் முனைகள் ஒட்டியபடியே இருந்துவிடும். ஒரு நொடி வாங்க வேண்டிய கரண்டை, கிளம்புகிற காயில் விடாமல் வாங்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் பின்பக்கம் வார்னிஷ் கருகுகிற வாசனை வந்தது. கம்ப்ரஸர் மேல் கை வைக்க முடியவில்லை. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். இன்னும் பத்து நிமிஷம் கவனிக்காமல் விட்டிருந்தால் காயில் எரிந்தே போயிருக்கும். ரிலேயின் மேல் எது மேல்பக்கம் என்று அம்புக்குறியோ எழுத்தோ இருக்கும். போட்டவர் போன பிறகு டார்ச் அடித்து நீங்களே ஒருமுறை பாருங்கள்.

ரிலேயை நிமிர்த்திக் கட்டிய பிறகு வேறு தொல்லை ஆரம்பித்தது. போட்ட ஒன்றரை மணி நேரம் ஃப்ரீசரில் பனி பூக்கும். அப்புறம் பனி எல்லாம் உருகிவிடும், கம்ப்ரஸர் மட்டும் ஓடும். ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் மறுபடி ஒன்றரை மணி நேரம் நன்றாக இருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன், இன்னும் கொஞ்சம் கேஸ் ஏற்றி 1,500 ரூபாய் வாங்கிப் போனார். ஒன்றும் மாறவில்லை. அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை. உள்ளே போன ஈரம்தான் காரணம். கேப்பிலரி என்கிற நூல் மாதிரிக் குழாய் ஃப்ரீசருக்குள் திறக்கிற வாயில் ஈரம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. அணைத்து வைத்தால் உருகி வழி விடுகிறது. குளிர்ந்து குளிர்ந்து நிற்கிற ஃபிரிட்ஜுக்கு இன்னும் கேஸ் ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அதற்கு வைத்தியம் ஃபில்டர் மாற்றுவதும் வேக்வம் போடுவதும்தான்.

ஆவணி முழுக்க நான் அதைத் தொடவில்லை. மனசு விட்டுப்போனது. நல்லபடியாக இருந்த அப்பாவின் பொருளை நானே கெடுத்துவிட்டேன் என்ற எண்ணம் விடவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, புளிப்பானையைத் திரும்ப அதற்குள் வைத்துவிட்டாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. புரட்டாசியில் புனலூரில் இருக்கிற என் சித்தப்பா மகன் ஒரு சேதி சொன்னான். அங்கே பழைய ஃபிரிட்ஜ் மட்டும் பார்க்கிற வயதானவர் ஒருவர் இருக்கிறார், எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள் என்றான். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி பிடித்து ஏற்றினோம். புளியரை எஸ் வளைவில் ஆடிச் சாய்ந்துவிடும் என்று டிரைவர் அதைப் படுக்கப் போட்டுக் கட்டிவிட்டார். அப்பா எத்தனையோ தடவை சொன்ன வார்த்தை ஆரியங்காவு தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. படுக்கப் போட்டால் கம்ப்ரஸருக்குள் இருக்கிற எண்ணெய் குழாய்களுக்குள் இறங்கிவிடும். உடனே போட்டால் கம்ப்ரஸர் அந்த எண்ணெயை அமுக்கப் பார்த்து வால்வு உடையும். வேறு வழியில்லாமல் படுக்கப் போட்டுவிட்டால், நிமிர்த்தி ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுத்தான் பிளக்கைச் சொருக வேண்டும். திரும்பி வரும்போது நிற்கவைத்து, நாலு பக்கமும் கயிறு கட்டி, நானே பின்னால் பிடித்துக்கொண்டு வந்தேன். போகவர வாடகை 5,600 ரூபாய்.

ஆசான் ஃபிரிட்ஜைத் தொடும் முன் என்னை உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் பேசுவது பாதித் தமிழ், பாதி மலையாளம். "முதல்ல வெட்டினப்போ கேஸ் சீறிச்சோ சாரே?" ஆமாம், ஒரு நிமிஷத்துக்கு மேலே என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்போ அதுக்கு ஒரு கேடும் இல்லாயிருந்து" என்றார். பட்டறையில் அத்தனை பேருக்கு முன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் தோளில் தட்டிவிட்டு டீ வாங்கி வரச் சொன்னார்.

கேஸ் விஷயத்தை அவர்தான் எனக்குப் புரியவைத்தார். 1960-களின் ஃபிரிட்ஜில் இருப்பது ஆர்12. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987-ல் மாண்ட்ரீலில் உலக நாடுகள் கூடிக் குறைக்க முடிவு செய்த கேஸ்களில் அதுவும் ஒன்று. நம் நாட்டிலும் 2010-க்குப் பிறகு ஃபிரிட்ஜுக்கென்று புது ஆர்12 கிடையாது. 'ஒரிஜினல் ஆர்12 இருக்கு' என்று யாராவது டின்னைக் காட்டினால் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். உங்கள் பழைய ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற கேஸ் திரும்பக் கிடைக்காதது, காற்றில் விடக்கூடாததும்கூட. எனக்கு ஏற்றிய 134ஏ, பழைய கம்ப்ரஸரில் இருக்கிற மினரல் ஆயிலோடு சேராது. கேஸோடு சுற்றிப் போகிற எண்ணெய் திரும்பி வராமல் குழாயில் தங்கிவிடும், கேப்பிலரி அடைக்கும். 134ஏ போட வேண்டுமென்றால் எண்ணெயையே வேறு வகைக்கு மாற்ற வேண்டும். ஆசான் போட்டது ஹைட்ரோகார்பன் கலவை, அதாவது புரொபேனும் ஐசோபியூட்டேனும் கலந்தது. அது மினரல் ஆயிலோடு ஒத்துப்போகும், ஓசோனைத் தொடாது. ஆனால் நம் வீட்டு கேஸ் சிலிண்டர் மாதிரியே தீப்பிடிக்கக்கூடியது. அதனால் அளவு முக்கியம். ஆர்12 எத்தனை கிராமோ அதில் நூற்றுக்கு நாற்பது பங்குதான் போட வேண்டும். என் ஃபிரிட்ஜ் தகட்டில் 140 கிராம் என்று இருந்தது. தராசில் வைத்து 55 கிராமில் வால்வை மூடிவிட்டார். உள்ளே தீப்பொறி வரக்கூடிய சாமான் எதுவும் இருக்கக்கூடாது என்று தெர்மோஸ்டாட்டைப் பெட்டிக்கு வெளியே பின்பக்கம் மாற்றினார், உள் லைட்டின் சுவிட்சைக் கழற்றிவிட்டார். லைட் போனதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் அவர் சொன்னதுதான் சரி. இந்தக் கலவையை ஏற்றச் சொல்லும்போது தராசு இருக்கிறதா, தெர்மோஸ்டாட்டை என்ன செய்வீர்கள் என்று ரெண்டு கேள்வியும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

அவர் வேலை நாலு நாள் நடந்தது. பழைய எண்ணெயை வடித்துப் புது மினரல் ஆயில் ஊற்றினார். கேப்பிலரியையும் ஃபில்டரையும் மாற்றினார். நைட்ரஜன் ஏற்றி ஒட்டு ஒட்டாகச் சோப்புநுரை தடவிப் பார்த்தார். வெல்டிங் வைக்கப் பக்கத்திலேயே ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதே என்று சிலர் அதையே குழாயில் ஏற்றிக் கசிவு பார்ப்பார்களாம். கம்ப்ரஸர் எண்ணெயும் அழுத்தமான ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். அப்படிச் செய்கிறவரை உங்கள் வீட்டில் ஒரு நிமிஷம்கூட வேலை பார்க்க விடாதீர்கள். பிறகு வேக்வம் பம்ப் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. ரிலே, ஓவர்லோடு எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய் வாங்கினார். ஒவ்வொன்றையும் என் கண்முன்னால் செய்தார். அப்பாவின் கம்ப்ரஸர் மாறாமல் அப்படியே இருக்கிறது.

பட்டறை மூலையில் மலைமேல் எஸ்டேட் பங்களா ஒன்றில் இருந்து வந்த மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜ் நின்றது. அதில் மோட்டாரே கிடையாது. அடியில் விளக்கு எரியும், அந்தச் சூட்டில் அம்மோனியாவும் தண்ணீரும் ஹைட்ரஜனும் குழாய்க்குள் சுற்றிக் குளிர் வரும். 1922-ல் ஸ்வீடனில் ஃபான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற ரெண்டு மாணவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு. அது குளிரவில்லையென்றால் ஆசான் செய்வது, அணைத்துவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்துச் சில மணி நேரம் வைத்து, நிமிர்த்தி நன்றாக அடங்கவிட்டு, மட்டம் பார்த்து நிறுத்துவதுதான். உள்ளே அங்கங்கே தேங்கின திரவம் தன் இடத்துக்குப் போனால் சிலசமயம் பிழைத்துக்கொள்ளுமாம். அந்தக் குழாயை வெட்டவே கூடாது. வெட்டினால் அம்மோனியா மூச்சை அடைக்கும். 1930-களின் வெளிநாட்டு ஃபிரிட்ஜ் யாரிடமாவது இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவற்றில் பலவற்றில் சல்ஃபர் டை ஆக்ஸைடு இருக்கும். மூடிய அறையில் கசிந்தால் ஆள் நிற்க முடியாது.

இனி கதவு. பணத்தைப் பற்றி எத்தனை புலம்பினாலும் இதைச் சொல்லாமல் விட மாட்டேன். ஃபிரிட்ஜ் வீடு திரும்பி, கேஸ்கட், அதாவது கதவைச் சுற்றி வருகிற ரப்பர் பட்டை, அளவெடுக்கத் தட்டையெல்லாம் கழற்றிக் காலியாக நடையில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. தங்கச்சி பேரன்கள் ஒளிஞ்சு விளையாடிக்கொண்டிருந்தார்கள். சின்னவனை ரொம்ப நேரமாகக் காணோம் என்று பெரியவன் வந்து சொன்னான். எனக்கு எப்படித் தோன்றியதோ, ஓடிப்போய்க் கைப்பிடியை இழுத்தேன். உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வியர்த்து நனைந்து, அழக்கூட முடியாமல் இருந்தான். பழைய ஃபிரிட்ஜ் கதவு நாக்கு விழுந்து பூட்டிக்கொள்கிற வகை. உள்ளே இருந்து தள்ளித் திறக்க முடியாது. காற்றும் போகாது, கத்தினால் சத்தமும் வெளியே வராது. குழந்தைகள் இப்படிச் செத்துப்போனதால்தான் அமெரிக்காவில் 1956-ல் ஃபிரிட்ஜ் கதவு உள்ளிருந்து திறக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். அன்றைக்கே ஸ்க்ரூடிரைவர் எடுத்து அந்த நாக்கைக் கழற்றினேன். கைப்பிடி அழகுக்கு இருக்கிறது, பூட்டாது. ஒயர் மாற்றும் முன், துடைக்கும் முன், ஃபிரிட்ஜ் உங்கள் வீட்டுக்குள் வருகிற அன்றைக்கே நாக்கைக் கழற்றிவிடுங்கள். அல்லது கதவையே கழற்றிச் சுவரோடு சாய்த்து வையுங்கள்.

நாக்கு இல்லாமல் கதவு எப்படி மூடும் என்றால், காந்தப்பட்டை வைத்த கேஸ்கட்டை அளவு கொடுத்துச் செய்து வாங்கினேன், 1,600 ரூபாய். பெட்டியின் விளிம்பு இரும்பு என்பதால் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. மூடிய கதவில் ஒரு காகிதத்துண்டைச் செருகி இழுத்துப் பாருங்கள், சுற்றிலும் ஒவ்வொரு சாணுக்கும் இறுக்கமாக வர வேண்டும். பெயிண்டுக்கு 5,500 ரூபாய் ஆனது. அது ஆசைக்குச் செய்தது, அவசியம் இல்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் சாயங்காலம் வோல்டேஜ் 170-க்கு இறங்கிவிடும், அதனால் 2,450 ரூபாய்க்கு ஸ்டெபிலைசர் வாங்கினேன். கரண்டு போய் வந்தால் மூன்று நிமிஷம் கழித்துத்தான் விடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். குளிர் சரியாக இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தால் தெரியாது. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் பார்க்க வேண்டும். எனக்கு 5 டிகிரி காட்டியது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 யூனிட் எடுக்கிறது. ஃப்ரீசரில் ஐஸ் கட்டினால் கத்தியால் குத்தாதீர்கள், அணைத்துவிட்டு உருகவிடுங்கள். நம் வீடுகளில் முக்கால்வாசி ஃப்ரீசர் ஓட்டையானது அந்தக் கத்தியால்தான் என்று ஆசான் சொன்னார்.

கடைசியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒயர், ரிலே, கேஸ்கட், ஸ்டெபிலைசர் நாலும் சேர்த்து 5,550 ரூபாய். அப்பாவின் ஃபிரிட்ஜுக்கு உண்மையில் தேவைப்பட்டது அவ்வளவுதான். பெயிண்டைக் கழித்தால் மீதி 20,950 ரூபாயும் அஞ்சு மாசமும் ஒரு குழாயை அவசரப்பட்டு வெட்டியதற்காகப் போனவை. அந்தப் பையன் மேல் இப்போது எனக்குக் கோபம் இல்லை. பழைய வண்டியைத் தொட அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். என்ன சோதனை செய்தாய் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

அடுத்து வருகிறவருக்கு அந்தச் சங்கடம் வரக்கூடாது என்று ஆசான் ஒரு யோசனை சொன்னார். அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, கம்ப்ரஸருக்கு மேலே கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஹைட்ரோகார்பன் கலவை, 55 கிராம், தீப்பிடிக்கும், மினரல் ஆயில், தேதி, ரிலே நிமிர்ந்திருக்க வேண்டும். கீழே ஆசான் தன் கையால் மலையாளத்தில், முனகினால் குழாயை வெட்டாதே, ரிலேயைப் பார் என்று எழுதிக் கொடுத்தார். அம்மா அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுப் புளிப்பானையை எடுத்து அடுப்படிக்குக் கொண்டுபோனாள். அவள் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். இப்போது நடுத்தட்டில் அவளுடைய இன்சுலின் பாட்டில் இருக்கிறது.